வட்ட டின்னுக்கு அடுத்து எந்த டின்? முதன்முதலாக வாங்கப்போகிறவர்களுக்கு

வட்ட டின்னில் வெண்ணெய் கேக், ரவா கேக், சாக்லேட் கேக் எல்லாம் கைவந்துவிட்டால், அடுத்து வேறு வடிவத்தில் ஒன்று செய்து பார்க்க மனம் ஏங்கும். எனக்கு ஆசை பண்ட் கேக்கின் மேல். நடுவில் துளை, சுற்றிலும் மடிப்பு மடிப்பாக வளைவு, மேலே சர்க்கரைப்பாகு வழிய ஒரு கேக். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு இணையத்தில் 1,850 ரூபாய் கொடுத்து 10 அங்குலப் பண்ட் டின் வாங்கினேன். கலவையை ஊற்றி ஓடிஜியில், அதாவது கேக் வேகவைக்கும் மின் அடுப்பில், வைத்தபோதுதான், டின்னின் விளிம்புக்கும் சூடேற்றும் மேல் ராடுக்கும் இடையில் மூன்று விரல் இடம்கூட இல்லை என்று தெரிந்தது. கேக் உப்பி ராடைத் தொட்டது. மேலே கரிந்து, உள்ளே பச்சையாகவே இருந்தது. 350 கிராம் வெண்ணெயும் 6 முட்டையும் குப்பைக்குப் போயின.

அடுத்து வாங்கிய 12 குழி மஃபின் தட்டு அடுப்புக்குள் நுழையவே இல்லை. மூன்றாவதாக, பாத்திரக்கடையில் 280 ரூபாய்க்கு ஒரு சாதாரண லோஃப் டின், அதாவது ரொட்டி வடிவ நீள டின், வாங்கினேன். இன்றுவரை வாரம் தவறாமல் அடுப்பேறுவது அதுதான். நீங்கள் நேராக அந்த மூன்றாவது இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உங்களிடம் 20 முதல் 30 லிட்டர் வரையிலான ஓடிஜி அல்லது கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், ஒரு 7 அல்லது 8 அங்குல வட்ட டின், ஓரளவு கேக் செய்த பழக்கம் இவை இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் அடுப்பை அளந்துவிடுங்கள்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை வைத்து டின் வாங்காதீர்கள். அது அடுப்பின் மொத்தக் கொள்ளளவு. ராடும் கம்பித் தட்டும் அடைத்துக்கொள்ளும் இடம் அதில் கழிக்கப்பட்டிருக்காது. தையல் டேப்பை எடுத்து நீங்களே அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உள் அகலம், கதவு மூடிய நிலையில் முன்னிருந்து பின்வரை உள்ள ஆழம், எல்லாவற்றையும்விட முக்கியமாக, கீழ்வரிசையில் வைத்த கம்பித் தட்டுக்கும் மேல் ராடுக்கும் இடையிலுள்ள உயரம். என்னுடைய 28 லிட்டர் அடுப்பில் இவை முறையே 33, 29, 15 செ.மீ.

இப்போது கழித்தல் கணக்கு. நான்கு பக்கமும் குறைந்தது 2 செ.மீ. காற்று சுற்றிவர இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் சுவரை ஒட்டிய பக்கம் மட்டும் கருகும். கேக் டின்னின் விளிம்புக்கு மேல் 2 செ.மீ. வரை உப்பும் என்று வைத்துக்கொண்டு, அதன் தலைக்கு மேல் இன்னும் 5 செ.மீ. இடைவெளி இருந்தால் நிம்மதி. அப்படிப் பார்த்தால் என் அடுப்பில் 29 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் வரையுள்ள டின்தான் சரிப்படும். நான் வாங்கிய பண்ட் டின் 10 செ.மீ. உயரம். வாங்குமுன் அளந்திருந்தால் அந்த 1,850 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்வது கைப்பிடியில். விற்பனைப் பக்கத்தில் போடும் அளவு பெரும்பாலும் டின்னின் உள்வாய் அளவு. இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிக்கு மேலும் 4, 5 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் நீளத்தை அளந்தால் போதாது. தட்டு சுழலும் என்பதால் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 23 × 13 செ.மீ. லோஃப் டின்னின் மூலைவிட்டம் 26 செ.மீ.க்குச் சற்று மேல். பிடியோடு நீளம் 28 ஆகிவிட்டால் மூலைவிட்டம் 31-ஐத் தொடும். சுழலும்போது சுவரில் இடித்து நின்றுவிடும், ஒரு பக்கம் மட்டும் வேகும். உலோக டின்னைக் கன்வெக்‌ஷன் முறையில் மட்டும் வைக்க வேண்டும், மைக்ரோவேவ் முறையில் வைக்கவே கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

2. மூன்று மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள்

கடந்த மூன்று மாதத்தில் அடுப்பில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். செய்ய ஆசைப்பட்டதை எழுத வேண்டாம், செய்ததை மட்டும். வாழைப்பழக் கேக் நான்கு முறை, ரொட்டி இரண்டு முறை, பிறந்தநாள் கேக் ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக்குக் கப் கேக் ஒன்று என்று வரும். எது மூன்று தடவைக்கு மேல் வந்திருக்கிறதோ அதற்கான டின்தான் முதலில். ஒரே ஒரு தடவை வந்ததற்கு டின் வாங்காதீர்கள், யாரிடமாவது இரவல் கேளுங்கள்.

3. வீட்டில் உள்ளதை வைத்து ஒத்திகை பாருங்கள்

கடைக்குப் போகுமுன் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள் ஆறை வெண்ணெய் தடவி ஒரு தட்டில் அடுக்கினால் அதுவே மஃபின் தட்டு. லாவா கேக்குக்கு இதைவிட நல்ல அச்சு கிடையாது என்பது என் அனுபவம். விளிம்பு கெட்டியான, தனியாக நிற்கும் காகித மஃபின் கப்புகளும் கிடைக்கின்றன. மெல்லிய மடிப்புக் காகிதத்தை மட்டும் தனியாக நிறுத்தாதீர்கள், கலவையின் கனத்தில் விரிந்துவிடும்.

பணியாரக்கல் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் சமயத்தில் எப்லெஸ்கீவர் என்று உருண்டையாக ஒரு பலகாரம் செய்வார்கள். அதற்கு அவர்கள் தனியாக வாங்கும் குழிச்சட்டியும் நம் பணியாரக்கல்லும் ஏறக்குறைய ஒன்றே. உருண்டைக் கேக் அச்சு என்று விற்பதை வாங்குமுன் அடுப்புமேல் இதில் ஒரு முறை ஊற்றிப் பாருங்கள்.

இப்படி இரண்டு மூன்று முறை ஒப்பேற்றியும் "இது போதவில்லை, சரியான டின் வேண்டும்" என்று கை தேடினால் அப்போது வாங்குங்கள்.

4. எந்த டின் யாருக்கு

லோஃப் டின்: பெரும்பாலானோருக்கு என் பரிந்துரை இதுதான். உள்ளளவு 21 × 11 செ.மீ., அதாவது எட்டரைக்கு நாலரை அங்குலம், ஆழம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கட்டும். கொள்ளளவு ஏறக்குறைய 1.4 லிட்டர். மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 175 கிராம், 3 முட்டை என்ற கணக்கு இதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். 350 கிராம் மாவில் பிசைந்த ரொட்டியும் வரும். வாழைப்பழக் கேக், எலுமிச்சைக் கேக், பிளம் கேக் எல்லாம் துண்டு போட வசதியாக அமையும். கோடையில் ஐஸ்கிரீம் உறைய வைக்கலாம், குல்ஃபியையும் இதிலேயே ஊற்றித் துண்டு போடலாம். எந்த அடுப்பிலும் நுழையும். முட்டையில்லாக் கேக் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தயிர், கண்டென்ஸ்டு மில்க் போட்டுச் செய்யும் கேக் மென்மையாக, உதிரும் தன்மையோடு இருக்கும். மடிப்பு நிறைந்த அச்சிலிருந்து அதை முழுதாக எடுப்பது கடினம். லோஃப் டின்னில் பட்டர் பேப்பரை இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி தொட்டில்போல் போட்டால் அப்படியே தூக்கிவிடலாம். 23 × 13 செ.மீ. அளவை அவசரப்பட்டு வாங்காதீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் பெரியதன் கொள்ளளவு 1.9 லிட்டர். மூன்று முட்டைக் கலவை அதில் தட்டையாகக் கிடக்கும்.

மூடியுள்ள ரொட்டி டின்: வாரத்துக்கு ஒரு முறையாவது சாண்ட்விச் ரொட்டி செய்பவர் என்றால் மட்டும் முதல் டின்னாக இதை எடுங்கள். 450 கிராம் என்று விற்கும் அளவு நம் அடுப்புகளுக்குப் போதும், 250 கிராம் மாவுக்கு ரொட்டி சதுரமாக வரும். உயரம் 11 செ.மீ.க்கு மேல் போகும் என்பதால் முதல் படியில் எடுத்த அளவை மறுபடி பாருங்கள். மூடி இருப்பதால் மேல் ராடின் நேரடிச் சூடு ரொட்டியில் படாது, அதனால் இங்கே 3 செ.மீ. இடைவெளியே போதும். மாவு டின்னில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் எழும்பியதும் மூடியை இழுத்து மூடிவிட வேண்டும். தாமதித்தால் மூடி மாவோடு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பிரிங்ஃபார்ம்: பக்கவாட்டில் கொக்கி உள்ள, அடித்தட்டு தனியாக வரும் டின். சீஸ்கேக் அடிக்கடி செய்பவர்களுக்கும் ஆர்டர் எடுப்பவர்களுக்கும் தேவை. இதில் சிக்கல், கசிவு. உருகிய வெண்ணெய் அடியில் சொட்டிக் கீழ் ராடில் விழுந்து புகையும், அதனால் எப்போதும் கீழே ஒரு தட்டு வையுங்கள். தண்ணீரில் வைத்து வேகவிடும் சீஸ்கேக் என்றால் அலுமினிய ஃபாயிலால் சுற்றச் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் ஃபாயில் பெரும்பாலும் 30 செ.மீ. அகலம்தான். 20 செ.மீ. டின்னின் அடியையும் 7 செ.மீ. சுவர்களையும் மூட 34 செ.மீ. வேண்டும். இரண்டு துண்டை ஒட்டினால் அந்த ஒட்டு வழியாகவே தண்ணீர் புகுந்து பிஸ்கட் அடித்தளம் கூழாகும். அதைவிட, 20 செ.மீ. ஸ்பிரிங்ஃபார்மை அப்படியே 23 செ.மீ. சாதாரண வட்ட டின்னுக்குள் இறக்கி, அந்த வெளி டின்னைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். ஒரு சொட்டு உள்ளே போகாது. அடுப்பு சின்னதென்றால் மூன்றும் அதில் கொள்ளுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம், சதுரம், இதய வடிவம் என்று மூன்று டின்களைச் சேர்த்து விற்கும் செட்டை ஒதுக்கிவிடுங்கள். மூன்றில் பெரியது அடுப்பில் நுழையாது, இதய வடிவம் வருடத்துக்கு ஒரு நாள் வெளியே வரும்.

பண்ட் டின்: எனக்கு இன்னும் பிடித்த வடிவம் இதுதான், இரண்டாவது டின்னாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அப்போதும் 6 கப் அளவாகப் பாருங்கள். அதாவது 1.4 லிட்டர், லோஃப் டின் அளவே. ஒரே கலவையை இரண்டிலும் மாற்றி ஊற்றலாம் என்பதுதான் இதன் சௌகரியம். 10, 12 கப் என்று வருபவை 2.4, 2.8 லிட்டர் பிடிக்கும், பெரிய அடுப்புக்கானவை. நடுத்துளை இருப்பதால் சூடு உள்ளேயும் போய்க் கனமான கலவைகூடச் சீராக வேகும். இந்தத் துளை வெறும் அழகுக்காக இல்லை.

மஃபின் தட்டு: 6 குழி மட்டும், ஏறக்குறைய 26 × 18 செ.மீ. இருக்கும். 12 குழித் தட்டு 35 × 27 செ.மீ. வாக்கில் வரும், 30 லிட்டருக்குக் கீழுள்ள அடுப்புக்கு ஆகாது.

ஏஞ்சல், ஷிஃபான் என்ற பஞ்சுபோன்ற கேக்குகளுக்கான, நடுவில் குழாயுள்ள டின்னைத் தேடுபவர்களுக்கு ஒன்று மட்டும். நான்ஸ்டிக் பூச்சுள்ளதை வாங்காதீர்கள். அந்தக் கேக் எண்ணெய் தடவாத சுவரைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறும், வெந்ததும் டின்னோடு தலைகீழாகக் கவிழ்த்து ஆற வைப்பார்கள். பூச்சு இருந்தால் ஏறாது, கவிழ்த்தால் விழுந்துவிடும். சிப்பி வடிவ மேட்லின் கேக் தட்டு, சின்னச் சின்ன டார்ட் அச்சுகள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

5. எந்த உலோகம்

பூச்சில்லாத கெட்டி அலுமினியம். சீராகச் சூடேறும், மலிவு, வருடக்கணக்கில் உழைக்கும். எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பு பட்டால் கறுக்கும் என்பதால் பட்டர் பேப்பர் போட்டுவிடுங்கள். விரலால் அழுத்தினால் நெளிகிற மெல்லிய டின் வேண்டாம்.

கறுப்பு நான்ஸ்டிக் டின்னில் விளிம்பு சீக்கிரம் சிவக்கும். குறிப்பில் 180 டிகிரி என்றிருந்தால் 165 முதல் 170-க்குக் குறைத்து, நேரம் முடிய பத்து நிமிடம் முன்பே எட்டிப் பாருங்கள். டின்னிலேயே கத்தி வைத்து வெட்டினால் பூச்சு போயிற்று. கண்ணாடி மெதுவாகச் சூடேறி, வெளியே எடுத்த பிறகும் வேகவைத்துக்கொண்டே இருக்கும். கேக்குக்கு அது முதல் தேர்வு இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியை நேராகச் சூட்டில் வைக்கவும் கூடாது. சிலிகான் அச்சில் கேக் எளிதாகக் கழன்று வரும், ஆனால் வெளிப்புறம் சிவக்காமல் வெளிறி இருக்கும். அடியில் தட்டு இல்லாமல் தூக்கினால் வளைந்து கலவை சிந்தும்.

6. கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி அறியுங்கள்

அங்குலத்தைவிட லிட்டர்தான் உண்மை சொல்லும். டின்னில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். அடி கழலும் டின்னை மட்டும் உள்ளே ஒரு பாலிதீன் பையை விரித்து அளக்க வேண்டும். உங்கள் பழைய வட்ட டின்னையும் இதேபோல் அளந்துகொள்ளுங்கள். 8 அங்குல வட்டம், 2 அங்குல ஆழம் என்றால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் வரும். இரண்டு டின்னின் அளவும் நெருக்கமாக இருந்தால் குறிப்பை மாற்றாமல் அப்படியே செய்யலாம். லோஃப் டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலோ பண்ட் டின்னில் முக்கால் பங்குக்கு மேலோ கலவை ஏறக் கூடாது. மிஞ்சினால் கிண்ணத்தில் ஊற்றிவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் கைகொடுக்கும். 8 அங்குலச் சதுர டின்னும் 9 அங்குல வட்ட டின்னும் பரப்பில் ஏறக்குறைய சமம். 8 அங்குல வட்டத்துக்கான குறிப்பைச் சரிபாதியாக்கினால் 6 அங்குல வட்டத்துக்குச் சரியாக இருக்கும்.

7. விலை, கடை, பில்

நான் பார்த்த விலைகளைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும். உள்ளூர் அலுமினிய லோஃப் டின் 150 முதல் 300 ரூபாய். நான்ஸ்டிக் என்றால் 300 முதல் 600. மூடியுள்ள ரொட்டி டின் 700 முதல் 1,500. ஸ்பிரிங்ஃபார்ம் 400 முதல் 900. வார்ப்பு அலுமினியத்தில் இறக்குமதியாகும் பண்ட் டின்கள் 4,000-ஐத் தாண்டும். முதல் டின்னுக்கு 600 ரூபாய்க்கு மேல் போக வேண்டிய அவசியம் ரொட்டிக்காரர்களுக்கு மட்டும்தான். மிச்சப் பணத்தில், இன்னும் வாங்கவில்லை என்றால், ஒரு அடுப்பு வெப்பமானி வாங்குங்கள். 300, 400 ரூபாய்தான். ஓடிஜியின் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 160-ஓ 200-ஓ இருப்பது சாதாரணம்.

முடிந்தால் நேரில் போய் வாங்குங்கள். சென்னை என்றால் பாரிமுனைப் பக்கம், மற்ற ஊர்களில் பாத்திரக்கடைகளும் பேக்கரி சாமான் கடைகளும் இருக்கின்றன. டேப்பையும் அளவு எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோனால் கடையிலேயே முடிவெடுத்துவிடலாம்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுமுன் "திருப்பித் தரலாம்" என்றிருக்கிறதா, "மாற்றித் தரப்படும்" என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. எனக்கு நடந்தது இரண்டாவது. அளவு பொருந்தவில்லை என்றதற்கு அதே அளவில் இன்னொன்றை அனுப்பத்தான் சம்மதித்தார்கள், பணம் வரவில்லை. பொட்டலம் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அலசுமுன் டேப் வைத்து அளந்து, அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். கழுவிய டின்னைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். இறக்குமதிப் பொருள் என்றால் பொட்டலத்தின் மேல் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதியாளர் யார், அதிகபட்ச விலை என்ன என்பவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பில்லைப் படம் எடுத்துச் சேமித்து வையுங்கள். பேசியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம், அப்போது இந்தப் பில்லும் வீடியோவும்தான் உங்கள் பக்கம் பேசும்.

கிறிஸ்துமஸ் கேக்குக்கு என்றால் நவம்பர் முதல் வாரத்துக்குள் டின் கையில் இருக்க வேண்டும். அளவு தவறினால் மாற்றவும், ஒரு தடவையாவது செய்து பார்க்கவும் நாள் வேண்டும். வருடம் முழுக்க ஊறிய பழங்களைப் புது டின்னில் முதன்முறையாகக் கொட்டாதீர்கள்.

8. முதல் முறை அடுப்பில்

வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் மென்மையான பஞ்சால் கழுவித் துடைத்து விடுங்கள். முதல் கேக் நன்றாகப் பழகிய குறிப்பாக இருக்கட்டும், அப்போதுதான் எது டின்னால் மாறியது என்று தெரியும். நேரம் கட்டாயம் மாறும். 170 டிகிரியில் 8 அங்குல வட்டத்தில் 40 நிமிடம் எடுக்கும் கலவை, லோஃப் டின்னில் 50 முதல் 60 நிமிடம் கேட்கும், 6 கப் பண்ட் டின்னில் 40 முதல் 45, மஃபின் குழிகளில் 20 நிமிடத்திலேயே முடிந்துவிடும். லோஃப் கேக் மேலே சிவந்தும் நடுவில் வேகாமல் இருந்தால் ஃபாயிலைத் தளர்வாக மேலே போர்த்தித் தொடருங்கள்.

மடிப்புள்ள அச்சுக்கு வெண்ணெயை மட்டும் தடவினால் போதாது. எண்ணெய், வனஸ்பதி, மைதா மூன்றையும் கரண்டிக் கணக்கில் சம அளவு எடுத்துக் குழைத்து, சின்ன பிரஷால் ஒவ்வொரு வளைவுக்குள்ளும், நடுக்குழாய் மேலும் பூசுங்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். கேக்கை வெளியே எடுத்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்துக் கவிழ்க்க வேண்டும். அதற்கு முன்னால் கவிழ்த்தால் உடையும், அரை மணி நேரம் விட்டால் பாகுபோல் ஒட்டிக்கொள்ளும்.

கேக் கழன்றதும் டின்னை ஊறப்போட்டுவிட்டு மறக்காதீர்கள். உடனே கழுவி, துணியால் துடைத்து, இன்னும் சூடு தணியாத அடுப்புக்குள்ளேயே பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். இரும்புத் தகட்டில் செய்த டின்கள் துருப்பிடிக்கத் தொடங்குவது மடித்த மூலைகளில் தங்கும் ஈரத்தால்தான், துணி அந்த இடுக்குக்குள் போகாது.